ஆயில் கூடினால் ஆபத்து

போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஜங்லிகாட் துறையில் அந்தத் தமிழ்ப் படகுக்காரர் விடியுமுன் செய்யும் முதல் வேலை, டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்தத் தொல்லை இல்லை. ஆயிலைப் பெட்ரோலில் கலந்தே எரித்துவிடலாம். ஃபோர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினில் ஆயில் தனியாக நிற்கிறது. கொஞ்சம் குறையத்தான் செய்யும். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் அதிகம் குறையும், நீலப்புகை வரும். அதற்கெல்லாம் அவர் அசருவதில்லை.

ஒருநாள் ஆயில் கூடியிருந்தது. நிறமோ பால் விட்ட டீ மாதிரி. உள்ளே தண்ணீர்! கேஸ்கெட் உள்ளூரில் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும். 1,100 கிலோமீட்டருக்கு மேல்.

“ஓட்டிப் பார்த்துடலாம்ணே” என்றான் உதவிப் பையன்.

“நடுக்கடல்ல பேரிங் பிடிச்சா நீ நீந்துவியாடா?”

படகு கரையிலேயே கிடந்தது. வட்டிக்காரர் மட்டும் தவறாமல் வந்தார்.