ஒற்றைப்படை ஃப்ரேம், இரட்டைப்படை ஃப்ரேம்

மே 6, 2017, சனி

கத்திரி தொடங்கிவிட்டது. கணினி கேபினெட்டின் மேல்மூடியில் கை வைக்க முடியவில்லை. உள்ளே இரண்டு ஜிடிஎக்ஸ் 970 கிராஃபிக்ஸ் கார்டுகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. கீழே உள்ள கார்டு கக்கும் அனலைத்தான் மேலே உள்ளது இழுத்துக்கொள்கிறது. 80 டிகிரியைத் தொட்டதும் அது தானாக வேகத்தைக் குறைக்கிறது. கீழ் கார்டு அதற்காகக் காத்து நிற்கிறது.

இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ போடப் போகிறேன். வெயிலுக்காக மட்டும் அல்ல. ஒரு 970-இன் மின்தேவை 145 வாட், இரண்டுக்கும் 290. புதியது ஒன்றே 250 கேட்கும். அறையின் சூடு பெரிதாகக் குறையப் போவதில்லை. காரணம் வேறு, அது என் கைக்குத் தெரியும்.

மே 7, ஞாயிறு

திரை ஓரத்தில் எண் 60 காட்டுகிறது. மவுஸைத் திருப்பினால் காட்சி ஒரு கணம் பிந்தி வருகிறது.

இரண்டு கார்டுகளை இணைக்கும் எஸ்எல்ஐ வேலை செய்யும் முறையே அப்படி. ஒற்றைப்படை ஃப்ரேம்களை ஒரு கார்டு வரைகிறது, இரட்டைப்படையை மற்றது. ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போட்டால் இடி இரு மடங்கு விழும். ஆனால் ஒவ்வொருவர் உலக்கையும் மேலே போய்க் கீழே வர எடுக்கும் நேரம் துளியும் குறையாது. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 16.7 மில்லிநொடிக்கு ஒன்று திரைக்கு வந்து சேர்கிறது. ஆனால் அந்த ஒன்றை வரைய அதன் கார்டு எடுத்துக்கொண்டது சுமார் 33 மில்லிநொடி. கண் 60-ஐப் பார்க்கிறது, கை 30-ஐ உணர்கிறது.

தாளம் தப்பினால் நிலைமை இன்னும் மோசம். ஒரு ஃப்ரேம் 5 மில்லிநொடி இடைவெளியிலும் அடுத்தது 28-லும் வந்தாலும் சராசரி என்னவோ 60தான். பார்ப்பதற்கு 35 போலத் திக்கும். இதைச் சராசரி காட்டாது. 2011-இல் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன், நொடிக்கு எத்தனை என்ற கணக்கோடு நிற்காமல், ஒவ்வொரு ஃப்ரேமும் எத்தனை மில்லிநொடி எடுத்தது என்று அளந்து எழுத ஆரம்பித்தார். விளையாடுகிறவர்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ‘எண் சரியாக இருக்கிறதே, உனக்குத்தான் பிரமை’ என்ற பதிலையே கேட்டுவந்தவர்களுக்கு அதன்பிறகுதான் காட்ட ஒரு வரைபடம் கிடைத்தது.

நினைவகக் கணக்கும் இப்படித்தான். நாலும் நாலும் இங்கே எட்டு ஆகாது. ஒவ்வொரு கார்டும் எல்லா டெக்ஸ்ச்சரையும் தனித்தனியாகப் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆக நாலு ஜிபிதான். அதிலும் 970-இல் கடைசி அரை ஜிபி மெதுவான பகுதி.

மே 13, சனி

கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் இன்றே போனேன். மவுண்ட் ரோடு பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். அமெரிக்காவில் 699 டாலருக்கு வந்த கார்டு; வரியும் இறக்குமதிச் செலவும் சேர்ந்து இங்கே அதைவிடக் கூடுதல். பேரம் படியவில்லை. வாங்கிவிட்டேன்.

மே 14, ஞாயிறு

பழைய டிரைவரை முழுதாகத் துடைத்துவிட்டு மாட்டினேன். 970-களுக்கு ஆறு முனை மின்கம்பி நான்கு போயிருந்தது. இதற்கு எட்டு முனை ஒன்று, ஆறு முனை ஒன்று. இரண்டு கார்டு இருந்தபோது ப்ராசஸர் தரும் 16 தரவுப் பாதைகள் எட்டு எட்டாகப் பிரிந்திருந்தன. இப்போது பதினாறும் ஒன்றுக்கே.

காகிதத்தில் பார்த்தால் பெரிய ஏற்றம் தெரியாது. இரண்டு 970-இலும் சேர்த்து 3328 கோர்கள், இதில் 3584. வேகமும் நினைவகமும்தான் வேறு: பூஸ்ட் வேகம் 1178 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1582, நினைவகம் 11 ஜிபி.

முதலில் டூம் போட்டேன், போன வருடம் வந்தது. எஸ்எல்ஐயை அது ஏற்பதில்லை, ஆகவே இத்தனை நாளும் ஒரு 970 சும்மா இருக்க, மற்றொன்று தனியாக உழைத்தது. பிறகு விட்சர் 3. அது இரண்டு கார்டிலும் நன்றாகவே ஓடிய ஆட்டம், அதனால்தான் அதில் கிடைத்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் வரும் நோவிகிராட் நகரச் சந்தைக்குள் குதிரையைத் திருப்பினேன். கூட்டம், கொடிகள், கூரைகள் எல்லாம் மவுஸோடு சேர்ந்தே திரும்பின. எண்ணைக் காட்டும் மென்பொருளை மூடிவிட்டு இரவு வெகுநேரம் விளையாடினேன்.

மே 21, ஞாயிறு

இரண்டு கார்டு என்ற யோசனை மட்டமானது என்று யாராவது சொன்னால் ஒப்பமாட்டேன். 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடு2 கார்டுகளை எஸ்எல்ஐ என்ற பெயரில் இணைத்தபோது, ஒரே படத்தின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றதும் வரைந்தன. இரண்டும் ஒரே ஃப்ரேமில் வேலை செய்தன. அழகான பங்கீடு. பிறகு அந்த நிறுவனத்தின் சொத்துகள் என்விடியாவிடம் போயின. 2004-இல் ஜிஃபோர்ஸ் 6800 காலத்தில் எஸ்எல்ஐ என்ற மூன்றெழுத்து திரும்பி வந்தது. ஆனால் இப்போது பெரும்பாலும் பங்கு போட்டது படத்தை அல்ல, நேரத்தை. ஒரே படத்தைப் பிரித்தால் வடிவங்களைக் கணக்கிடும் வேலையை இரண்டு கார்டும் திரும்பச் செய்யவேண்டியிருந்தது; ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாற்றினால் லாபம் அதிகம்.

அதைக் கவிழ்த்தது ஆட்டங்களின் ஞாபகசக்தி. இன்றைய எஞ்சின்கள் விளிம்புகளின் நெளிவைச் சரிசெய்ய முந்தைய ஃப்ரேமை எடுத்து இப்போதையதோடு குழைக்கின்றன. டூமும் அன்ரியல் எஞ்சின் 4-உம் அப்படித்தான். முந்தைய ஃப்ரேம் மற்ற கார்டில் கிடக்கிறது. அதை இங்கே கொண்டுவரும்வரை இந்தக் கார்டு கைகட்டி நிற்க வேண்டும். அப்புறம் இரண்டு எதற்கு?

2015-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12 இந்தப் பொறுப்பை ஆட்டம் எழுதுபவர்கள் கையில் கொடுத்தது. இரண்டு கார்டு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? சிறு கூட்டம். அந்தச் சிறு கூட்டத்துக்காக மாதக்கணக்கில் உழைக்கவில்லை என்று அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 10, சனி

அக்கா மகன் வந்தான். ஒரு 970 அவனுக்கு. ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுகிறவர்கள் பழைய கார்டுகளுக்கும் நல்ல விலை தருகிறார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். தரட்டும், இவன் விளையாடட்டும்.

“மாமா, அப்புறமா காசு சேர்ந்ததும் இன்னொண்ணையும் வாங்கி மாட்டிக்கட்டுமா?”

வேண்டாம் என்றேன். இப்போது ஒன்று, பின்னால் இன்னொன்று என்பது வெகுகாலம் எல்லோரும் சொன்ன யோசனைதான். போன வருடம் வந்த ஜிடிஎக்ஸ் 1060-இல் இணைப்புப் பாலத்துக்கான முனையே இல்லை, என்விடியாவே அந்த விலைக்கு இது தேவையில்லை என்று தீர்மானித்துவிட்டது. காசு சேர்ந்தால் இதை விற்றுவிட்டு, அப்போது கிடைக்கும் பெரிய ஒன்றை வாங்கு என்று சொன்னேன்.

அவன் எஸ்எம்பிஎஸ் 450 வாட். 970 ஒன்றுக்கு அது தாங்கும். ஆறு முனை கம்பி இரண்டு இருக்கிறதா என்று வீட்டில் பார்த்துவிட்டு ஃபோன் செய்கிறேன் என்றான். மற்ற கார்டை யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டையும் சேர்த்து ஒருவருக்கே விற்பதில்லை என்பது மட்டும் உறுதி.