வசந்தி தேவி மேடம்

2025 ஆகஸ்ட் 1-ல் வே. வசந்தி தேவி காலமானார். நான் அவரிடம் படித்தவன் இல்லை. சுந்தர ராமசாமி கேட்கக் கேட்க அவர் பதில் சொல்லும் 'தமிழகத்தில் கல்வி' புத்தகம்தான் எனக்கு அவருடைய வகுப்பறை.

பேராசிரியர். 1992-98-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அப்புறம் மாநில மகளிர் ஆணையத் தலைவர். போதும்னு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அந்தம்மா அரசுப் பள்ளிகளைக் காப்பாத்தணும்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. 2016-ல் ஆர்.கே. நகரில் ஜெயலலிதாவையே எதிர்த்து நின்னு தோத்தாங்க. பேச்சை மட்டும் நிறுத்தலை.

வசதியான வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் பக்கத்துப் பள்ளியில் ஒண்ணா உட்காரணும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

குன்றத்தூரில் என் மகளுக்கு அடுத்த ஜூனில் ஒண்ணாங்கிளாஸ். நடக்கிற தூரத்தில் அரசுப் பள்ளி. வீட்டம்மா தனியார் பள்ளி விண்ணப்பம் வாங்கி வெச்சாச்சு. இன்னும் பூர்த்தி செய்யலை... பேச்சுவார்த்தை நடக்குது!