எழுபத்தேழு முறை தோளேறும் படகு

ரெடிங், பங்குனி



ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, வில்ட்ஷயரில் டிவைசஸ் என்னும் சிற்றூரின் படகுத்துறையிலிருந்து இருவர் இருவராகக் கயாக்கில் ஏறிக் கிளம்புவார்கள். மறுநாள் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தடியில் கரையேறுவார்கள். இடையில் 125 மைல். நம் கணக்கில் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ரெடிங் வரைக்கும் கென்னெட்–ஏவன் கால்வாய், அதற்கப்புறம் தேம்ஸ் நதி. படுத்துத் தூங்கிவிட்டுப் போகலாம் என்ற பேச்சே கிடையாது. வழியில் 77 இடங்களில் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, தோளில் வைத்துக்கொண்டு ஓடி, மறுபடி இறக்கி ஏறி உட்காரவேண்டும். பரிசுப் பணத்துக்காக இதைச் செய்கிறவர் யாருமில்லை.

இந்த ஆண்டு என் மாப்பிள்ளை போகிறார். அவரோடு துடுப்புப் போடுகிறவர் அவர் அலுவலகத்து வேல்ஸ்காரர். மகளும் நானும் கரைக் குழு. காரில் முன்னால் போய், குறித்த இடத்தில் நின்று, சாப்பாடும் தண்ணீரும் காய்ந்த துணியும் கொடுத்து, அடுத்த இடத்துக்கு ஓடுகிற வேலை. சும்மா கூடமாட ஒத்தாசை என்றுதான் முதலில் நினைத்தேன். திட்டம் போட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இந்தப் போட்டியில் பாதி நம் சாப்பாட்டு மேசையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

முதல் நாள் மாப்பிள்ளை வரைபடத்தை விரித்ததும் நான் விரலை டிவைசஸில் வைத்தேன். அவர் அதை எடுத்து, லண்டன் பக்கம் டெடிங்டனில் வைத்தார். “மாமா, இங்கேருந்துதான் எண்ணணும்.”

விஷயம் இதுதான். டெடிங்டன் வரைக்கும் தேம்ஸ் வெறும் ஆறு. அங்கே உள்ள தடுப்புக்குக் கீழே கடலின் ஓதம் வந்து போகிறது. ஏற்றம் உள்ளே வரும்போது எதிர்த்துத் துடுப்புப் போட்டால், ராத்திரி முழுக்க விழித்தவன் உடம்புக்கு அது ஆகாது. வற்றம் தொடங்கியதும் இறங்கினால் தண்ணீரே இழுத்துக்கொண்டு போகும். கடைசி 17 மைலும் அந்தத் தயவில்தான். ஆக, டெடிங்டனில் ஏற்றம் உச்சிக்கு வரும் நேரத்தை ஒட்டி அங்கே போய்ச் சேரவேண்டும். ரொம்ப முன்னாலே போனால் குளிரில் உட்கார்ந்து காத்திருக்கவேண்டும். வற்றத்தைத் தவறவிட்டுத் தாமதமாகப் போனால் அமைப்பாளர்கள் மேற்கொண்டு போக விடமாட்டார்கள். 108 மைல் வந்தவர் அங்கேயே படகை விட்டு இறங்கவேண்டியதுதான்.

உதாரணத்துக்கு, ஞாயிறு காலை 6 மணிக்கு டெடிங்டனில் ஏற்றம் உச்சி என்று வையுங்கள். நம்மவர்களுக்கு அதுவரை 20 மணி நேரம் பிடிக்கும் என்றால், சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கிளம்பவேண்டும். புறப்படும் நேரத்தை ஒவ்வொரு ஜோடியும் தன் வேகத்தைப் பார்த்துத் தானே தேர்ந்துகொள்ளலாம். மெதுவாகப் போகிறவர் விடிந்ததும் கிளம்புவார், வேகமாகப் போகிறவர் மத்தியானம் வரைக்கும் சாவகாசமாக இருப்பார். தன் வேகத்தைப் பற்றித் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டவருக்கு டெடிங்டனில் தண்டனை காத்திருக்கும். இதில் இன்னொரு சிக்கல்: ஓத அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் அச்சாகின்றன. மார்ச் கடைசி ஞாயிறன்று இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். சில ஆண்டுகளில் ஈஸ்டரும் அதே ஞாயிறில் வந்து விழும். போட்டியின் நடு ராத்திரியில் ஒரு மணி நேரம் காணாமல் போகும்.

எனக்குப் பிடித்துப்போனது இதன் பின்னால் இருக்கும் திதிக் கணக்கு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அப்படியென்றால் அது எப்போதும் பௌர்ணமி கழிந்த ஒரு வாரத்துக்குள் விழுகிறது. லண்டனில் பௌர்ணமியன்று ஏற்றம் பின்னிரவு இரண்டு மணி, பகல் இரண்டு மணி வாக்கில் உச்சிக்கு வரும்; நாளுக்கு முக்கால் மணி நேரம் போலத் தள்ளிப்போகும். அதனால் ஈஸ்டர் ஞாயிற்றின் ஏற்றம் ஏறக்குறைய அதிகாலைக்கும் காலைக்கும் நடுவில்தான் அமையும். ராத்திரி முழுக்க ஓடிவருகிற போட்டிக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் கிடைக்காது. ‘மாப்பிள்ளை, நீங்க பஞ்சாங்கம் பார்த்துத்தான் கிளம்புறீங்க’ என்றேன். மகளுக்குச் சிரிப்பு, அவருக்கு இல்லை.

படகைத் தோளேற்றவைக்கும் லாக் என்பதை இங்கே கொஞ்சம் சொல்லியாகவேண்டும். மேடு பள்ளமான நிலத்தில் கால்வாய் வெட்டினால் தண்ணீரைப் படிப்படியாக நிறுத்தவேண்டும். ஒவ்வொரு படிக்கும் இரண்டு ஜோடிக் கதவு போட்ட கல் தொட்டி ஒன்று. படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்தி, தண்ணீரை விட்டோ வடித்தோ மட்டத்தைச் சமன்செய்து, முன்கதவைத் திறப்பார்கள். ஜான் ரென்னி என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் கட்டிய இந்தக் கால்வாய் 1810இல் முழுதாகத் திறந்தது. ஒவ்வொரு முறை லாக் வழியே படகு இறங்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போகிறது. மேட்டில் இருக்கும் பகுதிக்கோ சொந்த ஊற்று போதாது. அதற்காகவே கிராஃப்டனில் ஒரு நீராவி இறைப்பு நிலையம். 1812இல் போல்டன்–வாட் நிறுவனம் செய்த எந்திரம் அதே கட்டடத்தில் இன்னமும் தண்ணீர் இறைக்கும் நிலையில் இருக்கிறது. ஊரில் மதகும் ஷட்டருமாகவே காலத்தைத் தள்ளிய எனக்கு, போட்டியை விட்டுவிட்டு அங்கேயே ஒரு நாள் முழுக்க நிற்கவேண்டும் போலிருக்கிறது.

போட்டிக்காரர்கள் லாக்குக்குள் போவதில்லை. கதவு திறந்து மூட நேரமில்லை. ஒவ்வொன்றையும் சுமந்து கடக்கவேண்டும். இதற்கு அவர்கள் சொல்லும் பேர் போர்ட்டேஜ். ஒரு போர்ட்டேஜுக்கு 2 நிமிடம் என்றால் 77-க்கு 154 நிமிடம். 3 நிமிடம் ஆக்கினால் 231. ஒரு நிமிடத்து அலட்சியம் கடைசியில் ஒரு மணி 17 நிமிடமாக வந்து நிற்கும். அதனால்தான் குளிர்காலம் முழுக்க மாப்பிள்ளையும் வேல்ஸ்காரரும் துடுப்புப் போட்டதைவிடப் படகைத் தூக்கி இறக்கியே அதிகம் பழகினார்கள். யார் முதலில் கால் வைப்பது, எந்தத் தோள், துடுப்பை எங்கே சொருகுவது எல்லாம் வாய்ப்பாடு. பேச்சே கிடையாது. முன்னால் இருப்பவர் ‘அப்’ என்பார், அவ்வளவுதான்.

டிவைசஸுக்கு மேற்கே கேன் ஹில் சரிவில் 29 லாக்குகள் அடுக்கடுக்காக இறங்குகின்றன. படமெடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். நல்லவேளை, போட்டி கிழக்கே போகிறது. எடுத்த எடுப்பில் 15 மைலுக்கு ஒரு லாக்கும் இல்லாத நீளத் தண்ணீர். வூட்டன் ரிவர்ஸ் வந்த பிறகுதான் சுமை தொடங்கும். அதற்கப்பால் சாவர்னேக்கில் ஒரு சுரங்கம், 502 கெஜம். அங்கே கரைப்பாதை கிடையாது. அந்தக் காலத்தில் படகு இழுக்கும் குதிரையை அவிழ்த்து மேலே நடத்திக்கொண்டு போக, படகுக்காரர்கள் சுவரில் கட்டிய சங்கிலியைப் பிடித்து இழுத்தே வெளியே வருவார்களாம். அந்த இடத்தில் சுரங்கம் தேவையே இல்லை, வெட்டுக்கால்வாய் போதும். தன் நிலத்தைப் பிளந்து கால்வாய் போவதை அந்த வட்டாரப் பிரபு விரும்பவில்லை. பிரபுவின் பேரையே சுரங்கத்துக்கு வைத்தார்கள். நிலக்கிழார் பேச்சுக்கு எந்த நாட்டிலும் எடை ஒன்றுதான்.

இந்தப் போட்டிக் கிறுக்குக்கு யார் காரணம் என்று விசாரித்தேன். 1948இல் டிவைசஸ் சாரணர் இளைஞர்கள் நான்கு பேர், ஈஸ்டர் விடுமுறையில் சாப்பாடு, கூடாரம் எல்லாம் படகிலேயே சுமந்து, 100 மணி நேரத்துக்குள் வெஸ்ட்மின்ஸ்டர் போய்விடுவதாகப் பந்தயம் ஏற்றார்கள். 90 மணிக்குச் சற்றுக் குறைவாகவே முடித்தார்கள். அப்போது கால்வாய் பாழடைந்து கிடந்தது. 1852இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே அதை வாங்கியது. ரயில் ஓட்டுகிறவன் எதற்காகக் கால்வாயைப் பேணப் போகிறான்? தொண்டர்கள் பல்லாண்டு தூர்வாரி, கதவு மாற்றி, 1990இல்தான் அரசி வந்து மறுபடி திறந்துவைத்தார். தண்ணீர் சரியாக இல்லாத காலத்திலேயே தொடங்கிய போட்டி இது. 1979இல் பிரையன் கிரீன்ஹாம், டிம் கார்னிஷ் இருவரும் 15 மணி 34 நிமிடத்தில் முடித்தார்கள். நாற்பது ஆண்டு தாண்டியும் அது முறியடிக்கப்படாமல் நின்றது. நம்மவர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. முழுசாகப் போய்ச் சேர்ந்தால் போதும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதே தூரத்தை நான்கு நாளாகப் பிரித்திருக்கிறார்கள்: நியூபரி வரை 34 மைல், மார்லோ வரை 36, ஹாம் வரை 38, கடைசி நாள் 17. ராத்திரி கூடாரத்தில் படுக்கை. இதுதான் புத்தியுள்ளவன் செய்கிற காரியம் என்று சொல்லிப் பார்த்தேன். மேசையில் யாரும் நிமிரவில்லை.

கரைக் குழுவின் திட்டம் ஒரு பெரிய தாள். இடது பக்கம் இடத்தின் பேர், அப்புறம் மைல், எதிர்பார்க்கும் நேரம், கார் நிறுத்துமிடம், கொடுக்கவேண்டிய சாப்பாடு, மாற்றவேண்டிய துணி. கார் நிறுத்துமிடம் என்ற பத்திதான் தலைவலி. கால்வாயை ஒட்டிய கிராமத்துச் சந்துகளில் ஒரு வண்டி நின்றால் இன்னொரு வண்டி போகமுடியாது. அத்தனை குழுவும் அதே பாலத்துக்குத்தான் வரும். அதனால் கூட்டம் மொய்க்கும் ஹங்கர்ஃபோர்டை விட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் பேர் தெரியாத இரண்டு பாலங்களைக் குறித்திருக்கிறோம். மகள் ஒரு ஞாயிறு முழுக்க என்னைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு பாலமாக இறங்கிப் பார்த்தாள். எங்கே படிக்கட்டு வழுக்கும், எந்த வேலியில் கதவு உண்டு, ராத்திரியில் எந்த விளக்கு எரியும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது.

ராத்திரிதான் பயம். தேம்ஸில் ஒவ்வொரு லாக்குக்கும் பக்கத்தில் தண்ணீர் கொட்டும் தடுப்பணை. இருட்டில் இறங்குதுறையைத் தவறவிட்டுத் தடுப்பணைப் பக்கம் போய்விடக்கூடாது. மழை பெய்து நீரோட்டம் கூடினால் லாக்குகளில் சிவப்புப் பலகை தொங்கும்; நிலைமை மோசமானால் போட்டியே நிற்கும். அதோடு, விடியற்காலையில் துடுப்புக்காரர்களுக்கு இல்லாததெல்லாம் தெரியுமாம். தண்ணீரில் மாடு நிற்கிறது, கரையில் ஆள் கூப்பிடுகிறான் என்பார்களாம். அந்த நேரத்தில் கரைக் குழு கேள்வி கேட்கக்கூடாது. ‘எப்படி இருக்கு?’ என்றால் அழுதுவிடுவார்கள். ‘வாயைத் திற’ என்று சொல்லி ஊட்டவேண்டும்.

ஊட்டுவது என் பொறுப்பு. இங்கே வழக்கம் பால்சோறு, ஜெல்லி மிட்டாய், சூப். மார்ச் மாதப் பயிற்சிப் போட்டி ஒன்றில் நம் சரக்கைப் பரீட்சை பார்த்தோம். நியூபரிக்கு மேலே ஒரு லாக். தண்ணீர் பத்து டிகிரிக்கும் கீழே இருக்கும். இருவரின் விரலும் வெளுத்து மடங்காமல் இருந்தன. பாட்டில் மூடியைத் திருக வராது என்பதால் ரசத்தை இழுத்துக் குடிக்கும் மூடி வைத்த பாட்டிலில் ஊற்றியிருந்தேன், தக்காளித் தோலும் மிளகுத் திப்பியும் போக வடிகட்டி. படகு தோளில் இருக்கும்போதே பக்கத்தில் ஓடி வாயில் வைத்தேன். வேல்ஸ்காரர் ஒரு மடக்குக் குடித்து, கண்ணில் தண்ணீர் வர இருமி, நாலடி ஓடி, மறுபடி வாயைத் திறந்தார். தயிர்சாதம் எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடித்து, மேலே பொடியாக நறுக்கிய இஞ்சி ஊறுகாய். மெல்லாமலே இறங்கும், வயிற்றைப் பிடிக்காது, உப்பும் சேரும். வாழைப்பழத்தை மட்டும் மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டார். உரித்த பழம் விறைத்த கையில் நிற்கவில்லை.

இன்னும் முடிவாகாதவை சில உண்டு. மார்லோவிலிருந்து டெடிங்டன் வரைக்கும் யார் வண்டி ஓட்டுவது என்பது முதலாவது. நாங்கள் இருவரும் அதற்குள் பதினான்கு மணி நேரமாக விழித்திருப்போம். தூங்கி எழுந்து வந்து ஓட்ட மூன்றாவது ஆள் வேண்டும். மகளின் தோழி ஒருத்தி வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அவளுக்கு நம் சந்துகள் பழக்கமில்லை. டெடிங்டனில் மாற்றக் காய்ந்த கம்பளிச் சட்டை போதுமா, முழு உடுப்பே மாற்றவேண்டுமா என்பதும் வாக்குவாதத்தில் இருக்கிறது. நான் முழு உடுப்பு என்கிறேன். மாப்பிள்ளை ஐந்து நிமிடம் போய்விடும் என்கிறார். மகள் இருவரையும் பார்த்துவிட்டுத் தாளில் எழுதாமல் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டாள்.

லண்டனில் இருக்கும் வாசகர்கள் ஈஸ்டர் ஞாயிறு காலையில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு வாருங்கள். டெடிங்டனில் ஏற்றம் உச்சிக்கு வரும் நேரத்தைப் பார்த்து இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொண்டால் சரியாக இருக்கும். அட்டவணை கிரீன்விச் நேரத்திலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரசம் மீந்திருந்தால் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கடல் கடந்தவன்