தழும்பு விடாத ஊசி

என் இடது புயத்தில் காலணா அகலத்தில் இரண்டு தழும்புகள் உள்ளன. மகள் வயிற்றுப் பேத்தி அவற்றைத் தடவிப் பார்த்து, "இது என்ன காயம், நன்னா?" என்று கேட்பாள்.

ராயபுரத்தில் நாங்கள் சிறுவர்களாயிருந்த நாளில், அம்மை குத்துகிறவர் தெருமுனையில் தென்பட்டதும் வீட்டுக்கு வீடு கதவடைப்பார்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்த என்னைக் காலைப் பிடித்திழுத்து அவர்முன் நிறுத்தியவர் என் உம்மா. கிண்டி கிங் நிலையத்தில் கன்றுகளைக் கொண்டு உண்டாக்கிய அம்மைப்பாலைப் புயத்தில் வைத்து, பல் வைத்த சிறு கருவியொன்றைத் திருகுவார் அந்த மனிதர். புண் ஆறப் பல நாளாகும். துறைமுகத்தில் வேலை பார்த்த வாப்பா, அதைக் கடல்கடக்கும் அடையாளம் என்பார்கள். 'ரஜுலா' கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் பயணச் சீட்டோடு அம்மை குத்திய சான்றையும் மடித்து வைத்திருந்த காலம் அது.

பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று பிரித்தறிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நூல் எழுதிய மருத்துவ மேதை அர்ராஸீ. அம்மைச் சீழைக் கீறி வைத்து நோயைத் தடுக்கும் வழக்கத்தைத் துருக்கியில் கண்டு, 1721இல் இங்கிலாந்தில் தன் மகளுக்கே செய்வித்தவர் மேரி மாண்டகு அம்மையார். எட்வர்ட் ஜென்னரின் பசு அம்மைப்பால் வந்தது 1796இல்தான். இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி காணப்பட்டது 1975 மே மாதத்தில். 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இதையெல்லாம் பெருமையோடு பேத்திக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். 1963இல் அவளுக்கு வயது ஐந்து. தொண்டை வலி என்றாள். மிளகுக் கஷாயம் கொடுத்தோம். மறுநாள் கழுத்து வீங்கிற்று. பக்கத்து வீட்டார் கண்ணேறு என்றனர். மூன்றாம் நாள் இரவு மூச்சு சீழ்க்கையடிக்கத் தொடங்கியபோதுதான் வாப்பா அவளைக் கைரிக்ஷாவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவர் விளக்கொளியில் வாயைத் திறந்து காட்டினாராம். உள்நாக்கின் இருபுறமும் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது. தொண்டை அடைப்பான். அந்தக் கிருமியின் நஞ்சு இதயம்வரை போய்விட்டது. நாளைக் கடத்தியவர்கள் நாங்களே. சுபுஹு பாங்குக்கு முன் அவள் மௌத்தானாள்.

உம்மா தம் கடைசிக் காலம்வரை என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அவளுக்கும் அம்மை குத்தினோமேடா, பிறகு ஏன்?"

ஒரு முறை குத்தினால் எல்லா நோய்க்கும் காவல் என்று உம்மா நம்பியிருந்தார். முத்தடுப்பு ஊசி என்ற பெயரையே எங்கள் தெரு அன்று அறியாது. எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்னும் அரசின் திட்டம் 1978இல் தொடங்கி 1985இல்தான் விரிந்தது. உம்மாவின் அறியாமைக்கு ஒரு நியாயம் உண்டு. என்னுடையதற்கு ஏது?

சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பயணத்துக்காக மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சென்றேன். 1987இல் ஹாஜிகளிடையே அந்நோய் பரவிய பிறகு வந்த கட்டாயம் அது. ஊசி போட்ட செவிலிப் பெண் பேச்சுவாக்கில், "வீட்டிலே பிள்ளைகளுக்கு அஞ்சு வயசு ஊசி போட்டாச்சா, பாய்?" என்றாள். "எல்லாம் ஒன்றரை வயதிலேயே முடிந்துவிட்டதே" என்றேன், ஊருக்கு உபதேசம் செய்யும் நான்!

வீடு திரும்பி பீரோவைத் துழாவி அட்டையை எடுத்தேன். பிறந்தவுடன் போட்டது, ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போட்டது, ஒன்பதாம் மாதம், ஒன்றரை வயது என எல்லாவற்றிலும் தேதியும் கையொப்பமும் இருந்தன. ஐந்து வயதுக் கட்டம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. பேத்திக்கு அப்போது ஆறரை வயது.

முத்தடுப்பு ஊசி தரும் காவல் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்கிறது. அதனால்தான் ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் மீண்டும் போடுகிறார்கள். பத்திலும் பதினாறிலும், பெண்கள் கருவுற்றிருக்கும்போதும் இரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்ந்த ஊசி உண்டு. 2015, 2016 ஆண்டுகளில் கேரளத்து மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து உயிர்களைக் கொண்டுபோனது. அங்கே நோயுற்றவர்களில் பலர் கைக்குழந்தைகள் அல்லர். பள்ளி செல்லும் வயதினர். நாம் நடக்கத் தெரியாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அது நடந்து பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அட்டையை மறந்துவிடுகிறோம்.

புதன்கிழமைகளில்தான் நம் சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கு ஊசி. அந்தப் புதனன்றே பேத்தியை அழைத்துப் போனேன். வழியெல்லாம் கேள்விகள். ஊசி ஏறியபோது என் சட்டையைப் பற்றிக்கொண்டு அழுதவள், படியிறங்கும்போது அழுகையை நிறுத்தி, "எனக்கும் உங்களுக்கு மாதிரி அடையாளம் வருமா, நன்னா?" என்றாள்.

"இதற்கு வராதும்மா" என்றேன்.

அவளுக்குச் சற்று ஏமாற்றந்தான். வீட்டுக்கு வந்ததும் அட்டையை வாங்கி, புதிதாக எழுதிய தேதியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பத்து வயதுக்கான கட்டத்தின்மேல் விரலை வைத்து, "இது எப்போது?" என்றாள். அட்டையை நான் பீரோவுக்குள் வைக்கவில்லை. நாட்காட்டி தொங்கும் ஆணியில் அதையும் மாட்டியிருக்கிறேன்.