வேண்டிய உருவம்

மக்கள் யாரும் தாம் விரும்பிய உருவத்தைத் தேர்ந்துகொண்டு பிறப்பதில்லை. உயரமும் நிறமும் மூக்கும் விழியும் கேளாமலே வந்து சேர்ந்தவை. ஆடையாலும் அணியாலும் திருத்தத் தக்கவை சில. திருத்த இயலாதவையே பல. கூத்தாடுவோன் அரிதாரம் பூசி இரவெல்லாம் அரசனாய் வீற்றிருக்கலாம். ஆயினும், பொழுது விடிந்து முகம் கழுவியதும் அவன் பழைய மனிதனே. விடிந்தாலும் கலையாத வேடம் ஒன்றை அண்மைக்கால அறிவியல் ஆக்கித் தந்திருக்கின்றது.

கணிப்பொறித் திரையிலே தெருவும் வீடும் கடலும் கானும் அமைத்து, பல நாட்டு மக்கள் இணையத்தின் வழியாக ஒருங்கே புகுந்து உலாவுமாறு செய்த கற்பனை உலகங்கள் இக்காலத்தில் உண்டு. அங்கே புகுவோர் ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் வேண்டும். அவ்வுருவமே நடக்கும், பேசும், பிறரோடு பழகும். அதனை ‘அவதார்’ என வழங்குவர். மேலிருந்து கீழே இறங்குதல் என்னும் பொருளுடைய ‘அவதாரம்’ என்ற வடசொல்லே ஆங்கிலத்தில் புகுந்து இவ்வாறு குறுகிற்று. தெய்வம் மண்ணுலகில் இறங்கியதைக் குறித்த சொல், மனிதன் திரைக்குள் இறங்குவதைக் குறிக்கலாயிற்று. சொற்களும் அவதாரம் எடுக்கும் போலும்!

1986-ஆம் ஆண்டில் லூகாஸ்பிலிம் நிறுவனத்தார் வெள்ளோட்டம் விட்ட ‘ஹாபிடாட்’ என்னும் உலகம் இவ்வகையில் முன்னோடியாகும். அங்கே உடலுக்கு வேண்டிய நிறத்தைத் தெளித்துக்கொள்ளலாம். தலையையும் விலைக்கு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அவ்வுலகில் எவரேனும் கொல்லப்பட்டால், வெறும் பையுடன், தம் தலையைத் தாமே கையில் ஏந்தியவராய், தம் வீட்டில் மீண்டும் தோன்றுவர்.

2003-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து லிண்டன் லேப் நிறுவனத்தார் ‘செகண்ட் லைஃப்’ என்னும் உலகைத் திறந்தனர். ‘இரண்டாம் வாழ்வு’ என்பது அப்பெயரின் பொருள். அங்கே ஒருவர் தம் உருவத்தைத் திருத்தும் முறை வியப்பூட்டுவது. திரையின் ஓரத்தில் சிறு சிறு கோடுகள் வரிசையாய் நிற்கும். ஒவ்வொன்றும் உடலின் ஒரு கூற்றை ஆள்வது. ஒரு கோட்டின்மேலுள்ள குறியைப் பூச்சியத்திலிருந்து நூறு வரை நகர்த்த நகர்த்த, மூக்கு நீளும். மற்றொன்றை நகர்த்தினால் தோள் அகலும். இன்னொன்றால் தொந்தி பெருகும். தோல் என்பது அங்கே ஓவியமே. நிழலும் மச்சமும் தேமலும் தீட்டிய படத்தை உடலின்மேல் போர்த்துகின்றனர். அவ்வாறு தோல் தீட்டுவோரும், மயிர் சமைப்போரும், செருப்புத் தைப்போரும் அங்கே வாழ்வோரே. அவர்கள் தம் கைப்பொருளை லிண்டன் டாலர் என்னும் அவ்வுலக நாணயத்துக்கு விற்பர். அதனை மெய்யான டாலராகவும் மாற்றிக்கொள்வர். மனித உருவமே வேண்டாமென்று நரியாகவும் நாகமாகவும் திரிவோரும் உளர்.

புதிதாய் வந்தவரை அங்கே எளிதில் கண்டுகொள்ளலாம். பொதுவாய்க் கொடுத்த உருவத்தோடு, பொதுவாய்க் கொடுத்த ஆடையோடு அவர் நிற்பார். நாள் செல்லச் செல்ல மூக்கைத் திருத்துவார், நடையை மாற்றுவார், பழைய சட்டையைக் களைவார். எல்லாம் வாய்க்கும் இடத்திலும் மாந்தர் பெரும்பாலும் இளமையையும் அழகையுமே நாடுவது சற்றே சலிப்பைத் தருகின்றது. ஆயினும், மெய்யுலகில் சக்கர நாற்காலியில் செல்லும் சிலர், அங்கே நாற்காலியின்றி நடனம் ஆடுகின்றனர். வேறு சிலர், நடக்க வல்ல உருவத்தை வேண்டாது, அங்கும் சக்கர நாற்காலியிலேயே அமர்கின்றனர். இவ்விரு விருப்பமும் மதிக்கத் தக்கவையே.

புனைந்த உருவம் புனைந்தவரையும் மாற்றுகின்றது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் ஆகிய இருவரும் 2007-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். சிலருக்குக் கற்பனைக் கண்ணாடியில் அழகிய முகத்தைக் காட்டினர். அம்முகம் பெற்றோர், எதிரே நின்றவரிடம் நெருங்கிச் சென்று தம்மைப் பற்றி மிகுதியாய்ப் பேசினர். எதிரில் நிற்பவரைவிடப் பத்துச் சென்டிமீட்டர் குள்ளமாக்கப்பட்டவரோ, பணம் பங்கிடும்பொழுது நேர்மையற்ற பங்கினையும் ஏற்கத் துணிந்தனர். நினைத்த வடிவெடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வம் புரோட்டியஸின் பெயரை இவ்விளைவுக்கு அவர்கள் சூட்டினர்.

தமிழில் மெய் என்னும் ஒரே சொல் உடம்புக்கும் பெயர், உண்மைக்கும் பெயர். உடம்பை மாற்றியவர் உண்மையையும் மறைத்தவர் ஆவரோ? மறைந்து நின்று பொருள் பறிக்கும் கயவர் இவ்வுலகங்களிலும் உளர் என்பதில் ஐயமில்லை. எனினும், எல்லாரையும் அவ்வாறே எண்ணுதல் தகாது என்பதை நார்வே நாட்டு இளைஞர் மாட்ஸ் ஸ்டீனின் வரலாறு காட்டும்.

மாட்ஸ் 1989-ஆம் ஆண்டில் பிறந்தவர். தசைகளை நாளுக்கு நாள் நலியச் செய்யும் டூஷென் என்னும் நோய் அவரைப் பற்றியது. நடை ஒழிந்து சக்கர நாற்காலியே கதியாயிற்று. இறுதிக் காலத்தில் விரல்களே சிறிது அசைந்தன. அவ்விரல்களைக் கொண்டு ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டுலகில் ஐபெலின் என்னும் வலிய வீரனாய் அவர் உலாவினார். அவ்வீரன் அங்கே ஓடினான், நண்பரோடு அளவளாவினான். உடன் விளையாடியோரிடம் மாட்ஸ் தம் நோயை நெடுங்காலம் கூறவில்லை. மகன் தோழரின்றித் தனிமையில் வாடுகின்றான் என்றே பெற்றோர் வருந்தினர்.

2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இருபத்தைந்தாம் வயதில், மாட்ஸ் இறந்தார். அவர் எழுதிவந்த இணையப் பக்கத்திலே தந்தையார் அச்செய்தியை எழுதி, தம் முகவரியையும் குறித்தார். அதன்பின் மடல்மேல் மடலாக வந்து குவிந்தன. துயருற்ற பெண் ஒருத்திக்கு அவர் ஆறுதல் அளித்ததை ஒரு மடல் கூறிற்று. ஒரு தாயும் மகனும் மனம் நெருங்க அவர் வழி காட்டியதை மற்றொரு மடல் கூறிற்று. பெற்றோர் அறியாத மகனை அயலார் அவர்களுக்கு அறிமுகம் செய்தனர்.

ஓஸ்லோ நகரில் நடந்த இறுதிச் சடங்கிற்கு நெதர்லாந்து, டென்மார்க், பின்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து நண்பர்கள் வந்தனர். அதற்கு முன் மாட்ஸை நேரில் கண்டவர் அவர்களுள் எவரும் இலர். உற்றாரோடு உற்றாராய் அவர்களும் பேழையின் அருகே நின்று அழுதனர்.