வேலை கொடுத்த பந்து

ஐ.எஸ்.எல். கால்பந்து நடக்கிற மாதங்களில் ஏ ஷிஃப்ட் விட்டால் போதும், கும்மிடிப்பூண்டி சிப்காட் டீக்கடையில் பிளே-ஆஃப் சண்டை ஆரம்பித்துவிடும். பொன்னேரி, மீஞ்சூர் பையன்கள் ஒரு கட்சி. வியாசர்பாடி, புளியந்தோப்பிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் எதிர்க்கட்சி. "சீசன் முழுக்க ஆடி மொத எடம் புடிச்சவன் இன்னா கேனையாண்ணே?" என்பான் ஒருவன். "செமில தோத்துட்டு இன்னாடா சாம்பியன்?" என்று பதில் வரும்.

2023-24-ல் இது உச்சத்துக்குப் போனது. பட்டியலில் முதலிடம் மோகன் பகானுக்கு, கோப்பை மும்பை சிட்டிக்கு. யார் பெரியவன் என்று டீ ஆறும்வரை பேசினார்கள்.

சென்னைக்காரன் பிளே-ஆஃபைத் திட்டினால் அது நன்றிகெட்டதனம்தான். 2015-ல் சென்னையின் எஃப்.சி. பாதி சீசன் தாண்டியும் கடைசி இடத்தில் கிடந்தது. டிசம்பர் வெள்ளத்தில் ஊர் மூழ்க, இங்கே நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. அப்படியும் இறுதியில் கோவாவை அதன் மண்ணிலேயே 3-2 என்று சாய்த்தது. 2017-18-ல் பெங்களூரு நம்மைவிட 8 புள்ளி அதிகம் எடுத்து முதலில் நின்றது. இறுதியில் அவர்கள் ஊரிலேயே நாம் ஜெயித்ததும் அதே 3-2. பட்டியல்தான் சாம்பியன் என்றிருந்தால் இந்த இரண்டு கோப்பையும் நமக்கில்லை.

ஆனாலும் என் ஓட்டு பட்டியலுக்குத்தான். பிளே-ஆஃப் இல்லாத 2018-19 ஐ-லீகில் சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. கடைசி நாள் வரை இழுத்து வாங்கிய பட்டம் அது. பெயரில் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில் என்பது தனிக் கூத்து. 2020-21-க்குப் பிறகு ஐ-லீகில் அந்தப் பெயரே இல்லை.

ஓட்டுப் போட்டாலும் இந்தப் பேச்சில் எனக்கு மனசு ஒட்டுவதில்லை. எனக்கு ஏக்கமெல்லாம் ஆபீஸ் டீம்கள் மேல்தான். இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப்., இன்கம் டாக்ஸ், கஸ்டம்ஸ். அப்போதெல்லாம் சென்னை லீக் நடந்த சாயங்காலங்களில் மூர் மார்க்கெட்டில் இறங்கி நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்கள் ஆட்டக்காரர்கள். லேஸை முடிந்து தோளில் போட்ட பூட்ஸ், மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, பையில் இன்னும் டிபன் டப்பா. பாஸ் தாமதித்தால் கேலரியிலிருந்து சத்தம் வரும்: "யோவ் கேஷியர், எண்ணிக்கினே நிக்காத, குடுத்துத் தொலை!" மைதானத்திலிருப்பவரும் சிரித்துவிடுவார். இந்தியன் பேங்க் ஒன்றும் சாதாரண அணி இல்லை, தேசிய லீக் வரை போய் ஆடியது. பின்னாளில் சென்னையின் எஃப்.சி.க்குப் பயிற்சி கொடுத்த சபீர் பாஷா அந்த அணியில் கோல் அடித்தவர்தான்.

பையன் பந்தோடு அலைந்தால் அம்மாக்கள் அடிக்காமல் விட்டதற்கும் இந்த ஆபீஸ் டீம்கள்தான் காரணம். நல்லா ஆடினால் பேங்க் வேலை, ரயில்வே வேலை. திருவள்ளூர் லைனில் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அந்தக் கனவு இருந்தது. பிறகு வங்கிகளில் வி.ஆர்.எஸ். வந்தது, ஆளெடுப்பு சுருங்கியது, ஸ்போர்ட்ஸ் கோட்டா முதலில் அடிவாங்கியது. வடக்கிலும் இதே கதை: மஹிந்திரா 2010-ல் அணியைக் கலைத்தது, முதல் தேசிய லீகை வென்ற ஜே.சி.டி. 2011-ல் கடையைக் கட்டியது.

ஆட்டம் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐ.எஸ்.எல். ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிதான். நந்தகுமார் சேகரும் வியாசர்பாடிதான். 2023 ஆகஸ்ட் 12-ம் தேதி டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றபோது அந்த ஒரே கோல் நந்தாவுடையது. கொல்கத்தாவில் பாதி ஊர் நம்ம பையன் பெயரைச் சொல்லிக் கத்தியது.

அந்த உயரத்துக்கு எத்தனை பேர் போக முடியும்? அதற்கு ஒரு படி கீழே நின்றவனுக்கு முன்பெல்லாம் ஓர் ஆபீஸ் நாற்காலியும் பென்ஷனும் இருந்தது. இப்போது அவன் இங்கே ரோலிங் மில்லில் கான்ட்ராக்டில் கம்பி இழுக்கிறான். மதிய இடைவேளையில் ஷெட்டுக்குப் பின்னால் காலி டப்பாவை இடது காலால் தூக்கி நிறுத்துகிற விதத்திலேயே தெரிந்துவிடும், இவன் ஆடியவன் என்று.

சிப்காட் முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஆயுத பூஜைக்கு கிரிக்கெட் டோர்னமென்ட் வைத்து டி-ஷர்ட் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். அதோடு வருஷத்துக்கு இரண்டே இரண்டு பையன்களைப் பந்தாட்டத்துக்காக நிரந்தர வேலையில் எடுங்கள். நாலைந்து கம்பெனி சேர்ந்தாவது சென்னை லீகில் ஓர் அணியை இறக்குங்கள். ஆள் தேட வேண்டாம், உங்கள் கான்ட்ராக்ட் மஸ்டர் ரோலிலேயே இருக்கிறார்கள்.