ஒற்றைக் காது உடைத்த கேசட்

நண்பர்களே, இது நீளமான பதிவு. பாட்டில் ஆர்வம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் பிளஸ் டூவில் இயற்பியல் படித்த ஒருவர், பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஃபிட்டராக இருந்தார். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார். அவருடைய மகள் போன மாதம் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே பதினேழு கேசட்டுகள். "அப்பா கிட்டார் வாசிப்பார்னு எல்லாரும் சொல்றாங்க சார். நான் கேட்டதே இல்ல. இதுல ஏதாவது இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள். இன்னும் ஓடுகிற டேப் டெக் என்னிடம் இருப்பது தெருவுக்கே தெரிந்த விஷயம்.

பதினேழில் பெரும்பாலானவை ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய சினிமாப் பாட்டுகள். நம் வயதுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கேசட்டுகள் தனியாகத் தெரிந்தன. ஒன்று இந்தியன் ஓஷன் குழுவின் முதல் கேசட், எச்.எம்.வி. வெளியீடு, 1993. கும்மிடிப்பூண்டியில் அதை யார் வாங்கியிருப்பார்கள் என்று அன்று கேட்டிருந்தால் ஒருவரும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

புரோகிரசிவ் ராக் என்றொரு வகை உண்டு. மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடங்காது. பத்து நிமிடம், இருபது நிமிடம் போகும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும். பிங்க் ஃபிளாய்ட், யெஸ், ஜெனிசிஸ் எல்லாம் அந்தக் கூட்டம். பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாட்டு பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் போவதை மேல்நாட்டில் அதிசயமாகச் சொல்வார்கள். மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த நமக்கு அதில் என்ன அதிசயம்!

அந்த வகைக் குழுக்களின் ஆரம்பக் காலப் பதிவுகள் பல கேசட்டில்தான் இருக்கின்றன. இங்கிலாந்தில் ஐக்யூ என்ற குழு 1982-ல் தங்கள் முதல் வெளியீட்டைக் கேசட்டாகவே கொண்டுவந்தது. ட்வெல்த் நைட் என்ற குழுவும் அதே ஆண்டு ஒரு கேசட் வெளியிட்டது. காரணம் சாதாரணமானது. இசைத்தட்டு அச்சடிக்க ஆலையும் முதலும் வேண்டும். கேசட்டுக்கு இரண்டு டேப் ரெக்கார்டரும் ஒரு ஒயரும் போதும். பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் பெர்லினில் இதை அறிமுகப்படுத்தியபோது இப்படியெல்லாம் ஆகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டிலும் அதே கதைதான். டெல்லியில் சுஸ்மித் சென் கிட்டாரும், அசீம் சக்ரவர்த்தி தபலாவும் குரலுமாகத் தொடங்கியது இந்தியன் ஓஷன். 1992-ல் ஒரு டெமோ டேப் தயாரித்தார்கள். அடுத்த ஆண்டு எச்.எம்.வி. கேசட் வந்தது. அவர்களை ஊரறியச் செய்த 'கந்தீசா' வர 2000 ஆனது. அசீம் 2009-ல் காலமாகிவிட்டார். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான், திலீப்பாக இருந்த காலத்தில், சிவமணி, ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு ரூட்ஸ் என்ற குழுவில் கீபோர்டு வாசித்தார். நெமெசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவும் அவர் தொடங்கியதுதான். ஆனால் 'ரோஜா'வுக்கு (1992) முந்தைய ரஹ்மானைக் கடையில் தேடினால் கிடைத்தவை 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமியப் பாடல் கேசட்டும், மால்குடி சுபா பாடிய 'செட் மீ ஃப்ரீ' என்ற ஆங்கிலக் கேசட்டும்தான். வெளிவந்தபோது யாரும் சீண்டவில்லை. இன்று அசல் கேசட்டைத் தேடி அலைகிறார்கள். எனக்கு இந்தச் சேகரிப்பாளர்களின் விலைப் பேச்சு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

சரி, அந்த இரண்டாவது கேசட். தொண்ணூறு நிமிட டேப். நீல மையில் 'ரிகர்சல் 94' என்று எழுதியிருந்தது. கேசட்டின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் காதுகள் இருக்குமே, உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின் மேல் மறுபடி பதிய முடியாது. இதில் ஒரு காது மட்டும் உடைத்திருந்தது. ஏ பக்கம்.

உடனே போட்டுக் கேட்கவில்லை. தொண்ணூறு நிமிட டேப்பின் தடிமன் சுமார் 12 மைக்ரான்தான். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 130 மீட்டர் ஓடும். நம் கடலோரக் காற்றில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. ஹெட்டோடு டேப்பை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு கழன்று உள்ளே கிடந்தது. ஐந்து திருகைக் கழற்றி, டேப்பை வேறொரு கேசட்டின் கூட்டுக்கு மாற்றி, பென்சில் விட்டுக் கையாலேயே இரண்டு முறை முழுக்கச் சுற்றினேன். இரண்டு நாள் வேலை. ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அதன் சாய்வுத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதும் மூடி வைத்த பானைக்குள் இருந்து வருவது போலிருந்த ஒலி வெளியே வந்தது.

கிட்டார், கேசியோ கீபோர்டு, டிரம்ஸ். மூன்று பேர். ஏழு எண்ணிக்கையில் ஒரே மெட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கிட்டார் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் கை தயங்கவே இல்லை. இடையில் கூட்ஸ் வண்டி போகிறது, அது முடியும்வரை வாசிப்பை நிறுத்தாமல் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். இன்னோர் இடத்தில் ஆலைச் சங்கு. "டேய், ஷிஃப்டுடா!" என்று ஒரு குரல், சிரிப்பு, பாட்டு பாதியில் நிற்கிறது. அதற்குமுன், "திரும்ப ஒருக்கா அடிப்பமா?" என்று ஒருவர் கேட்கிறார். அது நம்மூர்ப் பேச்சு இல்லை, யாழ்ப்பாணப் பேச்சு. இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும்.

பி பக்கத்திலும் ரிகர்சல்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் காதை அவர் உடைக்கவில்லை. போட்டால் ஒரு குழந்தை ரைம்ஸ் சொல்கிறது. நடுவே அவர் குரல்: "மெதுவா சொல்லும்மா... மைக்கைப் பார்த்துச் சொல்லு." குழந்தைக்கு இரண்டரை, மூன்று வயதிருக்கும். பாட்டை அழித்துவிட்டு இதைப் பதிந்திருக்கிறார். முப்பத்தோரு நிமிடம் அப்படியே போகிறது. கடைசியில் அவர் கிட்டாரில் அந்த ரைம்ஸுக்குத் துணை வாசிக்கிறார்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இரண்டு பக்கத்தையும் போட்டுக் காட்டினேன். ஏ பக்கத்தைத் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பி பக்கத்தில் அப்பாவின் குரல் வந்ததும், "சார், நிறுத்துங்க" என்றாள். வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்து மறுபடி போடச் சொன்னாள். அதற்குள் என் மனைவி காபி போட்டுவிட்டாள், அது ஆறியும் போனது.

இரண்டு பக்கத்தையும் கணினியில் ஏற்றி மூன்று பிரதி எடுத்திருக்கிறோம். பி பக்கத்தை யாருக்கும் தருவதாக இல்லை, அது அவளுடையது. ஏ பக்கம் மற்ற இருவருக்கும் சேர வேண்டியது என்று அவளே சொன்னாள். ஆனால் அவர்கள் பெயர் அவளுக்கும் தெரியாது, அவள் அம்மாவுக்கும் நினைவில்லை.

ஆகவே இந்தப் பதிவு. 1994 வாக்கில், நம் ஊர் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தபோது, சிப்காட் பக்கம் ரயில் பாதையை ஒட்டிய ஓர் அறையில் டிரம்ஸ் வாசித்தவர், அல்லது கேசியோ வாசித்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? முகாமிலிருந்து வந்தவர் இப்போது கனடாவிலோ வேறெங்கோ இருக்கலாம். அந்தப் பக்கத்து நண்பர்கள் தயவுசெய்து பகிருங்கள். தெரிந்தவர்கள் பெயரைக் கமெண்ட்டில் போடாமல் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள்.